மான் வேட்டைக்குப் பரண்: எந்த மரம், எந்தப் பரண், எப்படி ஏறுவது

[காட்சி: இலை உதிர்ந்த ஓக் காடு, நவம்பர் மாதம், விடிந்தும் விடியாத வெளிச்சம்]

வணக்கம். நான் இப்போது நிற்பது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை. பனியுகத்தில் பனிப்பாறைகள் தொடாமல் விட்டுப்போன பகுதி இது, அதனால் எங்கே பார்த்தாலும் மேடும் பள்ளத்தாக்கும்தான். நவம்பரில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை இங்கே துப்பாக்கி மான் வேட்டை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள் என்று முதல் தடவை உரிமம் எடுத்துப் போகிற நம் ஆட்களுக்காகத்தான் இந்த வீடியோ. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதனால் ஊரில் இருக்கிறவர்கள் இதை அங்கே செய்து பார்க்கிற விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே டிரீ ஸ்டாண்ட் என்று சொல்வதற்கு நம்மிடம் பரண் என்ற அழகான சொல் இருக்கிறது. வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டியது பரண் மேல் நின்றுதான், மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கும் யானைக்கும் இரவுக் காவல் இருக்கிறவர்கள் இன்றும் பரண்தான் கட்டுகிறார்கள். அங்கே விரட்ட ஏறுகிறோம், இங்கே காத்திருக்க ஏறுகிறோம்.

ஏன் ஏற வேண்டும்? வெள்ளைவால் மானுக்கு முக்கியம் மூக்கு. மேலே இருந்தால் நம் வாசனை அதன் மூக்குக்கு நேராகப் போவது கொஞ்சம் குறையும், நாம் அசைவதும் அதன் கண்மட்டத்தில் படாது. அப்புறம், மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதால் குறி தப்பினாலும் குண்டு மண்ணில் புதையும், மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற இன்னொருவரிடம் போகாது. எனக்கு இதுதான் முதல் காரணம். ஆரஞ்சு உடுப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இடுப்புக்கு மேலே பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், 2016 முதல் பளிச்சென்ற பிங்கும் போடலாம். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு சரியாகத் தெரியாது, நம் அசைவுதான் தெரியும்.

[காட்சி: மரத்தண்டு, அருகில்]

சரி, மரத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கடையில் பரணை வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு மரம் தேடுகிறார்கள், எனக்குத் தெரிந்து முதல் தப்பே அதுதான். முதலில் மான் தடத்தைப் பாருங்கள், ஓக் கொட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள், காற்று வழக்கமாக எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். தடத்திலிருந்து நம் பக்கம் காற்று வர வேண்டும். இந்த மாதிரி மேட்டு நிலத்தில் இன்னொன்றும் உண்டு: காலையில் வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே போகும், சாயங்காலம் குளிரக் குளிரப் பள்ளத்துக்கு இறங்கும். அதனால் காலையில் உட்கார நல்ல மரம் சாயங்காலத்துக்கு ஆகாமல் போகலாம்.

மரம் உயிரோடு, நேராக, உறுதியாக இருக்க வேண்டும். ஆஷ் மரம் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். 2002இல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று இந்த ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்துவிட்டது. செத்த ஆஷ் சீக்கிரம் நொறுங்கும், வெளியே பார்க்கத் திடமாக இருக்கும். பட்டை ஓடு ஓடாகப் பெயர்கிற ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம், பட்டை நழுவினால் அதோடு பரணைக் கட்டியிருக்கிற வாரும் நழுவும்.

இப்போது பரண் வகைகள். முதல் தடவை என்றால் ஏணிப் பரண் வாங்குங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினைந்து, இருபது அடி ஏணி, மேலே இருக்கை. கனம் அதிகம், நிறுத்த மூன்று பேர் வேண்டும்: இரண்டு பேர் கீழே பிடித்துக்கொள்ள ஒருவர் ஏறி ராட்செட் பெல்ட்டை (பிடியை ஆட்ட ஆட்ட இறுகுகிற வார்) இறுக்க வேண்டும். ஏணி நடுவில் மரத்தை முட்டுகிற கம்பி ஒன்று பெட்டியில் வரும், அதை மாட்டாமல் விடாதீர்கள், அது இல்லையென்றால் நீங்கள் பாதி ஏறும்போது ஏணி வில்லாக வளையும்.

தொங்கு பரண் என்பது மரத்தண்டில் வாரால் கட்டி மாட்டுகிற தட்டும் இருக்கையும். லேசானது, தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஏறுவதற்குத் தனியாகப் படிக்குச்சிகளை வாரால் மரத்தில் கட்ட வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: படிக்குச்சி பரண் தட்டோடு நிற்கக் கூடாது, தட்டைத் தாண்டி மேலேயும் போக வேண்டும். அப்போதுதான் தட்டின் மேல் *இறங்கி* நிற்கலாம். கீழிருந்து எட்டி ஏறுகிற அந்த ஒரு நொடியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

கிளைம்பர் என்பது இரண்டு துண்டாக வருகிற பரண்: மேலே இருக்கை, கீழே கால் வைக்கிற தட்டு. கைத்துண்டை மேலே தள்ளி, காலால் கீழ்த்துண்டை இழுத்து, புழு நகர்வது மாதிரி ஏறுவது. கிளையே இல்லாத நேரான மரத்துக்கு மட்டும் சரி. மரம் மேலே போகப் போக மெலியும், அதனால் தட்டு முன்பக்கம் சாயும். இதைச் சமாளிக்கத் தரையிலேயே முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி மாட்ட வேண்டும், மேலே போனதும் அது மட்டத்துக்கு வரும். இரண்டு துண்டையும் ஒரு கயிற்றால் இணைத்துக்கொள்ளுங்கள். காலில் இருந்து கீழ்த்துண்டு நழுவித் தரைக்குப் போய்விட்டால் இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

[காட்சி: பழைய மரப்பரண், இரண்டு மரங்களுக்கு நடுவே]

சொந்தமாகக் கட்டலாமா? கட்டலாம், ஆனால் இப்படி வேண்டாம். ஒரு நண்பரின் பண்ணையில் இந்த மாதிரி ஒன்றில் நானே ஏறினேன். நான்கு அடி ஏறியிருப்பேன், பிடித்திருந்த கட்டை கையோடு வந்துவிட்டது. ஆணி மரத்தில் அப்படியே இருக்கிறது, கட்டையில் அது இருந்த ஓட்டை விரல் நுழைகிற அளவுக்கு மக்கிப் பொடியாகிவிட்டது. மரம் வளரும், கட்டை வளராது, அதனால் வருஷா வருஷம் ஆணி நெகிழும். இரண்டு மரத்துக்கும் சேர்த்து அடித்தால் காற்றில் இரண்டும் வேறு வேறு பக்கம் ஆடி மூட்டைப் பிய்த்துவிடும். தவிர, பொது நிலத்தில் பல இடங்களில் மரத்தில் ஆணி அடிப்பதே தடை.

கட்டுவதென்றால் மரத்தை விட்டுவிட்டுத் தரையிலிருந்து நான்கு காலில் கட்டுங்கள். மருந்தேற்றிய நான்கங்குலக் கட்டை, கால்கள் கீழே அகலமாக விரிய வேண்டும், நான்கு பக்கமும் குறுக்கே எக்ஸ் மாதிரி சட்டம். ஆணியை நம்பாதீர்கள், கட்டையைத் துளைத்துப் போகிற போல்ட் போட்டு வாஷர் வைத்து முடுக்குங்கள். எட்டு, பத்து அடி உயரம் போதும். காற்று தள்ளாமல் இருக்கக் கால்களை இரும்பு முளையோடு கட்டுங்கள். மேலே தட்டில் பழைய கார்ப்பெட் ஒரு துண்டு விரியுங்கள், பூட்ஸ் சத்தம் கேட்காது.

[காட்சி: ஹார்னஸ் மாட்டுவது, அருகில்]

இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உடம்பு முழுக்கப் பிடிக்கிற ஹார்னஸ் வேண்டும், இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. மேலே போய் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். அதற்குத்தான் லைஃப்லைன்: பரணுக்கு மேலே கட்டித் தரைவரை தொங்குகிற கயிறு, அதில் புரூசிக் முடிச்சு. நாம் ஏற ஏற முடிச்சைத் தள்ளிக்கொண்டே போகலாம், விழுந்தால் அது கயிற்றைக் கவ்விக்கொள்ளும். மேலே உட்கார்ந்த பிறகு முடிச்சு தலைக்கு மேலே இருக்கட்டும், கயிற்றில் தொய்வு இருக்கக் கூடாது.

விழுந்து ஹார்னஸில் தொங்கினால் அதுவும் ஆபத்துதான். தொடை வார் அழுத்தி ரத்தம் காலிலேயே தேங்கும், சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். கூடவே வருகிற சின்ன வார் வளையத்தில் காலை வைத்து எழுந்து நிற்க வேண்டும், காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். போனை அடியில் பையில் வைக்காமல் சட்டையின் மேல் பாக்கெட்டில் வையுங்கள். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

துப்பாக்கியோடு ஏறவே கூடாது. குண்டை எடுத்துவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டி, மேலே உட்கார்ந்து ஹார்னஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் முதலில் துப்பாக்கி இறங்கட்டும், அப்புறம் நீங்கள்.

வேட்டை முடிந்ததும் பரணைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் வார் இற்றுப்போகும், அணில் கடிக்கும், மரம் பருக்கும்போது வார் பட்டைக்குள் புதைந்து ஒருநாள் அறுந்துவிடும். போன வருஷ வாரை ஏறுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள், நூல் பிரிந்து சொரசொரவென்று இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். என் ஹார்னஸை நிழலில் காயவைத்து, வாங்கிய வருஷத்தை மார்க்கரில் எழுதி, கராஜில் வெயில் படாத மூலையில் மாட்டியிருக்கிறேன்.