பழைய ஆம்ப்ளிஃபையருக்கு மாற்று டிரான்சிஸ்டர் தேடும்போது

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் இருப்பது 1970களின் கடைசியில் உள்ளூரில் அசெம்பிள் செய்த ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். கம்பெனி பெயர் கிடையாது. தகரப் பெட்டி, உள்ளே நல்ல கனமான டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கம் ஹீட் சிங்க், அதாவது டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடு. அனுப்பியவர் மைக் செட் கடை வைத்திருப்பவர். புகார் ஒன்றுதான்: பாட்டே போடாவிட்டாலும் இடது பக்க ஹீட் சிங்க் கை வைக்க முடியாதபடி சுடுகிறது.

கேமராவைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்புகிறேன். வலது சேனலில் பாருங்கள், வட்டத் தொப்பி போட்ட பழைய டிரான்சிஸ்டர் இரண்டு, 2என்3055. இடது சேனலில் அது இல்லை. தட்டையான கறுப்பு டிரான்சிஸ்டர், 2எஸ்சி5200, நீளமான ஒயர் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முன்பு ஒருமுறை பழுதாகி, யாரோ மாற்றியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. 2என்3055 தாங்குவது 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். 2எஸ்சி5200 தாங்குவது 230 வோல்ட், அதே 15 ஆம்பியர், 150 வாட். எல்லாவற்றிலும் பெரியதைத்தானே போட்டிருக்கிறார்கள்? பிறகு ஏன் சுடுகிறது?

காரணம் வேகம், அதாவது டிரான்சிஸ்டர் எவ்வளவு உயர்ந்த ஃப்ரீக்வென்சி வரை வேலை செய்யும் என்பது. 2என்3055 ஆர்சிஏ கம்பெனி 1960களின் ஆரம்பத்தில் கொண்டுவந்தது. அந்தக் காலத்துத் தயாரிப்பின் வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாது, சுமார் 0.8தான். பிறகு தயாரிப்பு முறை மாறி 2.5 ஆனது. 2எஸ்சி5200யின் வேகமோ 30 மெகாஹெர்ட்ஸ். இந்த சர்க்யூட்டை வடிவமைத்தவர் மந்தமான டிரான்சிஸ்டரை மனதில் வைத்து ஃபீட்பேக்கை, அதாவது வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி விடும் வழியை, அமைத்திருக்கிறார். அந்த இடத்தில் இவ்வளவு வேகமானதை, அதுவும் அரை அடி ஒயரோடு போட்டால், ஆம்ப்ளிஃபையர் தானாகவே ஆட ஆரம்பித்துவிடும், அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அலை உண்டாக்கும். ஆசிலாஸ்கோப்பைப் பாருங்கள். உள்ளே சிக்னலே கொடுக்கவில்லை, ஆனால் வெளியே இரண்டு மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு அலை நிற்கிறது. காதுக்குக் கேட்காது. ஹீட் சிங்க்குக்குத் தெரியும்.

ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்தில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் சீரீஸில் இருக்கும். இந்த போர்டில் இதோ. ரெசிஸ்டரைக் கிட்டத்தில் காட்டுகிறேன். கலர் கோடுகளே தெரியவில்லை, முழுக்கக் கருகிப் போயிருக்கிறது, கீழே போர்டும் பழுப்பாகியிருக்கிறது. சாதாரணப் பாட்டு ஓடும்போது இந்த ரெசிஸ்டரில் பெரிதாக ஒன்றும் பாயாது. ஆயிரம் ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சர் கிட்டத்தட்ட 1,600 ஓம் தடை. இரண்டு மெகாஹெர்ட்ஸில் ஒரு ஓம்கூட இல்லை, அதனால் மொத்தச் சுமையும் ரெசிஸ்டர் தலையில் விழுகிறது. இந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால், புதிது போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். செட் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் 2என்3055யே வாங்கிப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் இந்த செட்டில் வேண்டாம் என்று நினைக்கிறேன். சப்ளை அளந்தேன்: பிளஸ் 28, மைனஸ் 28. மொத்தம் 56 வோல்ட். 2என்3055யின் எல்லை 60. மைக் செட் ஊர் ஊராகப் போகிற சாமான். இரவில் லைன் வோல்டேஜ் 230லிருந்து 250க்கு ஏறினால் இந்த 56, 61 ஆகிவிடும். அதனால் நான் எடுத்திருப்பது எம்ஜே15003. அதே வட்டத் தொப்பி, அதே துளை, அதே கால். 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட், வேகம் இரண்டு மெகாஹெர்ட்ஸ் அளவில்தான். தேவையான இடத்தில் பலம் கூடுகிறது, தேவையில்லாத வேகம் கூடவில்லை. மாற்று என்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து: அந்த இடம் எதைக் கேட்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், அப்புறம்தான் நம்பர். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கொடுக்கலாம்.

வாங்கியது அசல்தானா என்பது அடுத்த கவலை. சென்னை ரிச்சி தெருவில் நம்பகமான கடைகள் இருக்கின்றன, அதே தெருவில் மேல் அச்சை அழித்து வேறு நம்பர் அடித்ததும் கிடைக்கும். சின்ன காம்பொனன்ட் டெஸ்டரில் வைத்தால் எல்லாமே நல்ல டிரான்சிஸ்டர் என்றுதான் காட்டும், ஏனென்றால் அது சில மில்லிஆம்பியரில் சோதிக்கிறது. உள்ளே கடுகளவு சில்லு இருந்தாலும் அதற்குப் போதும். அதனால் நான் கார் இண்டிகேட்டர் பல்பை வைத்துச் சோதிக்கிறேன். 12 வோல்ட், 21 வாட் பல்ப். பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ், மறுமுனை டிரான்சிஸ்டரின் உடம்பு, அதாவது கலெக்டர். மற்ற இரண்டு கால்கள் எமிட்டர், பேஸ்; பேஸில் போகும் சின்ன கரண்ட்தான் கலெக்டரின் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும். எமிட்டர் மைனஸுக்கு. பிளஸிலிருந்து 220 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. பேஸில் 50 மில்லிஆம்பியர் போகிறது, பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்க வேண்டும். இதோ, முழு வெளிச்சம். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. இது சரியான சாமான். பல்ப் மங்கலாக எரிந்து, மீட்டர் மூன்று நான்கு வோல்ட் காட்டி, டிரான்சிஸ்டரும் சட்டென்று சூடாகிறது என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனை கரண்ட்டை மட்டும்தான் சொல்லும், எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைச் சொல்லாது.

டிரான்சிஸ்டரில் என்பிஎன், பிஎன்பி என்று கரண்ட் எதிரெதிர் திசையில் ஓடும் இரண்டு வகை உண்டு. இந்த மாதிரி செட்டில் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் என்பிஎன்தான். தரமான பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் அன்று சுலபமாகக் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை. அதனால் அவுட்புட்டுக்கு முன்னால் அதைத் தள்ளிவிடும் டிரைவரில் மட்டும் என்பிஎன்னுக்கு ஒரு எஸ்எல்100, பிஎன்பிக்கு ஒரு எஸ்கே100 வைத்துச் சமாளித்தார்கள். இந்த இரண்டுக்கும் பதிலாக பிடி139, பிடி140 போடுகிறேன். 80 வோல்ட், ஒன்றரை ஆம்பியர், தாராளம். ஆனால் எஸ்எல்100 வட்டத் தொப்பி, பிடி139 தட்டை. எழுத்துப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். காலை வளைத்து ஸ்லீவ் போட்டுத்தான் பழைய துளையில் இறக்க வேண்டும். பின்பக்க உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது, பக்கத்துக் கம்பியில் படக்கூடாது.

கால் வரிசைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. 1970களின் பயனியர் ரிசீவர்கள் என்னிடம் வரும். அதில் முதல் நிலையில் 2எஸ்ஏ726 இருக்கும், வயதானால் சரசரவென்று இரைச்சல் கொடுக்கும். அதற்கு நான் எப்போதும் போடுவது கேஎஸ்ஏ992: 120 வோல்ட், இரைச்சல் குறைவு, கால் வரிசையும் அதேதான், எமிட்டர், கலெக்டர், பேஸ். கையில் இருக்கிறதே என்று பிசி557ஐப் போட்டால் நடுக்கால் பேஸ் ஆகிவிடும், அது தாங்குவதும் 45 வோல்ட்தான். அந்த இடத்தில் சப்ளை எவ்வளவு என்று அளக்காமல் போடவே கூடாது.

பயாஸ் டயோடையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்ட்டை நிர்ணயிப்பது இதுதான். ஜப்பான் செட்டுகளில் எஸ்டிவி-3எச் என்று ஒன்று வரும். மூன்று டயோடை ஒரே உடம்பில் அடைத்தது மாதிரி. அதற்கு மூன்று 1என்4148ஐச் சீரீஸில் சேர்த்து, ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஹீட் சிங்கில் ஒட்டினாற்போல வைக்க வேண்டும். போர்டில் அந்தரத்தில் நிற்க விட்டால் சூடு அதற்குத் தெரியாது. டிரான்சிஸ்டர் சூடேறும், கரண்ட் ஏறும், இன்னும் சூடேறும், கடைசியில் புதிதாகப் போட்டதும் போய்விடும்.

கண்டன்சருக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். 2,000 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் 2,200, 50 என்றிருந்தால் 47. வோல்டேஜ் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும் வகை. வால்வ் செட் மட்டும் விதிவிலக்கு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஜிஇசட்34க்குப் பின்னால் முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது. கூட்டினால் ஹம் குறையும், வால்வ் சீக்கிரம் போகும்.

எஸ்டிகே ஐசி, அதாவது ஆம்ப்ளிஃபையரின் பவர் பகுதியை ஒரே கட்டையில் அடைத்தது, போய்விட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சான்யோ தயாரித்த அந்தப் பழைய வகைகளைத் தேடி அலைவதை நான் விட்டுவிட்டேன். சப்ளை மொத்தம் 84 வோல்ட்டுக்குள் இருந்தால் எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி போர்டு ஒன்றை உள்ளே பொருத்திவிடலாம். அசல்தன்மை போகும், உண்மைதான். ஆனால் செட் பாடும்.

இப்போது இந்த செட்டுக்கு வருவோம். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கரண்ட்டைத் தடுக்கும் மைக்கா தகடு புதிது, சூடு கடக்க இரண்டு பக்கமும் வெள்ளை பேஸ்ட் மெலிதாக. டிரான்சிஸ்டர் உடம்புக்கும் ஹீட் சிங்குக்கும் மீட்டர் வைத்தேன், தொடர்பு இல்லை. 10 ஓம் ரெசிஸ்டர் புதிது, இரண்டு வாட். முதல் முறை சுவிட்ச் போடுவது எப்போதும் சீரீஸ் பல்ப் வழியாகத்தான்; உள்ளே ஷார்ட் இருந்தால் லைனில் இருக்கும் பல்ப் எரிந்து செட்டைக் காப்பாற்றும். 60 வாட் பல்ப் ஒரு கணம் பிரகாசமாகி உடனே மங்குகிறது, பாருங்கள், நல்ல அறிகுறி. எமிட்டர் ரெசிஸ்டர் 0.33 ஓம். அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் வரும்வரை பிரீசெட்டை, அதாவது போர்டில் உள்ள பயாஸ் திருகை, திருப்புகிறேன், அதாவது 30 மில்லிஆம்பியர். பல்பை எடுத்துவிட்டு நேரடி சப்ளையில் இன்னொரு முறை சரிபார்க்கிறேன். ஆசிலாஸ்கோப்பில் அந்த அலை இல்லை, கோடு நேராக நிற்கிறது.

வலது சேனலின் பழைய 2என்3055கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அதே 56 வோல்ட் பிரச்சினை அங்கும் உண்டு. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, சம்மதித்தால் அங்கும் எம்ஜே15003 போடுவேன். கழற்றுகிற பழையதைக் கவரில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் செட்டுக்கு மாற்று கேட்டு எழுதும்போது நம்பரை மட்டும் அனுப்பாதீர்கள். போர்டில் அது இருக்கும் இடத்தின் படம், மூன்று காலிலும் அளந்த வோல்டேஜ், சப்ளை எவ்வளவு, இதையெல்லாம் சேர்த்து அனுப்புங்கள்.