பனி வழிக்க எதை வாங்குவது?

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். பனி வழிக்கும் இயந்திரங்களைக் கடைகள் முன்வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கும் இந்நாட்களில், எதை வாங்கலாம் என்று ரொறன்ரோவிலும் மார்க்கம் நகரிலும் என்னிடம் விசாரிப்பவர்களிடம், உங்கள் ட்ரைவ்வேயின் தரை எப்படிப்பட்டது, வீதியோரத்தில் எவ்வளவு பனி சேர்கிறது என்ற இரண்டையுமே நான் முதலில் கேட்பதுண்டு.

வானிலிருந்து விழும் பனியைவிட, வீதியைத் துப்புரவாக்கும் வண்டி நம் வாசலுக்குக் குறுக்கே ஒதுக்கிவிட்டுப் போகும் பனிதான் பாடாய்ப் படுத்துகிறது. உப்பும் நீரும் ஊறி இறுகிப்போன அந்தக் கரை, இரவில் குளிர் கூடினால் விடிவதற்குள் பாறையாகிவிடும். அதை உடைக்க வல்லதா என்று பார்த்தே இயந்திரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

6 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் உள்ள ட்ரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 12 கனமீற்றர். கனமீற்றருக்கு 100 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1,200 கிலோ வரும். ஈரப்பனியோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதை, கியூபெக் மாகாணப் பதிவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே இதய நோயுள்ளவர்கள் செலவை மிச்சம் பிடிப்பதற்காகப் பனி அள்ளும் சவலைக் கையிலெடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இயந்திரங்களில் ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என இரு வகை உண்டு. ஒற்றைக் கட்டத்தில் ஒரே சுழலி பனியை அள்ளி எறிகிறது. அதன் ரப்பர் விளிம்பு தரையைத் தொட்டே ஓடுவதால் தார், கொங்கிறீற் தரைகளைச் சுத்தமாக வழிக்கும். சரளைக்கல் தரையில் அதை ஓட்டினால் கற்கள் பறக்கும். இரட்டைக் கட்டத்தில், முன்னாலுள்ள பல்வைத்த இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளிழுக்க, பின்னாலுள்ள விசிறி அதைத் தூர வீசுகிறது. பக்கத்துச் சறுக்குக் கட்டைகளை இறக்கித் திருகைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டால் சரளையிலும் ஓட்டலாம். வாசற்கரை பெரிதாகச் சேரும் வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். உறைந்த கட்டியோ கல்லோ சிக்கும்போது திருகிலுள்ள சிறிய ஊசியாணி தான் முறிந்து பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும் என்பதால், உபரி ஆணிகள் சிலவற்றை கராஜில் வைத்திருங்கள். பற்றரியில் ஓடுவதை வாங்குபவர்கள், குளிரில் அதன் வலு குறையும் என்பதால், பற்றரியை வீட்டுக்குள் வைத்துப் பேணுங்கள்.

கடைகளின் வாகனத் தரிப்பிடங்களுக்கு இவை போதா. சிறிய இடத்துக்குப் பிக்கப் வண்டியின் முன்னால் பூட்டிய, பனியைத் தள்ளும் அலகு போதும்; பரந்த இடத்துக்கு, பனி பக்கவாட்டில் சிந்தாதபடி இருபுறமும் அடைத்த தள்ளியைப் பூட்டிய லோடரே தகும். குவியலை மேட்டுப் பக்கம் போட்டால், பகலில் உருகும் நீர் தரிப்பிடம் முழுவதும் வழிந்து இரவில் கண்ணாடிபோல் உறையும். ஆகவே ஒப்பந்தக்காரரிடம் குவிக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

எந்த இயந்திரமானாலும், பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சுழற்சி முற்றாக ஓய்ந்த பின்னர் தடியால் மட்டுமே குத்தி எடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் விசிறியில் தேங்கியிருக்கும் விசை, அடைப்பு நீங்கியதும் ஒருமுறை சுழன்று விரலைக் கொண்டுபோய்விடும்.