கைகளைப் பிணைக்கும் பட்டை

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் நடக்கும் சில திருமணங்களில், கைகோத்து நிற்கும் மணமக்களின் கைகள்மேல் ஒரு துணிப்பட்டையைப் போட்டு முடிச்சிடுகிறார்கள். ஹேண்ட்ஃபாஸ்டிங் என்று பெயர். பழைய நாளில் அந்தச் சொல்லுக்குக் கைபிடித்து வாக்குக் கொடுப்பது என்றே பொருள். மதம் சாராத மனிதநேயத் திருமணங்கள் ஸ்காட்லாந்தில் 2005 முதலும் அயர்லாந்தில் 2013 முதலும் சட்டப்படி செல்லும். அவற்றில் இந்தப் பட்டையை அடிக்கடி பார்க்கலாம். அதை எம்பிராய்டரி போட்டுத் தைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

பட்டையின் நடுப்பகுதி கட்டுவதற்கு, நுனிகள் பார்ப்பதற்கு. 2.75 மீட்டர் நீளம் வைத்தால், நடுவில் ஒரு மீட்டரைத் தையலே இல்லாமல் விட்டுவிடுங்கள். அங்கே நெருக்கமாக எம்பிராய்டரி போட்டால் துணி அட்டைபோல விறைத்து, முடிச்சு இறுகாது. பெயரும் தேதியும் நுனியிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் அடங்கட்டும்.

துணிக்கு லினன்தான் என் தேர்வு. சாட்டின் பளபளக்கும், ஆனால் முடிச்சு வழுக்கும். லினனை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டு, நேர் இழையில் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். கிராஸாக வெட்டினால் இழுத்துக் கட்டும்போது நீண்டு முறுக்கிக்கொள்ளும். எம்பிராய்டரி முடிந்தபின் நீளவாக்கில் மடித்து, ஒரு சென்டிமீட்டர் தையல் விட்டு அடித்தால் 5 சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். புரட்டுவதற்கு நடுவில் 10 சென்டிமீட்டர் திறந்து வையுங்கள். நூலின் பின்பக்கம் முழுவதும் உள்ளே மறைந்துவிடும்.

பலர் தவறுவது எழுத்தின் திசையில். இரண்டு பெயர்களும் நடுவிலிருந்து நுனியை நோக்கி ஓட வேண்டும். ஒரே திசையில் எழுதினால், பட்டை தொங்கும்போது ஒருவர் பெயர் மேலிருந்து கீழாகவும் மற்றவர் பெயர் கீழிருந்து மேலாகவும் நிற்கும். திருமண நாளில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

மொழியும் முக்கியம். ஐரிஷ் எழுத்தில் உயிரெழுத்தின் மேலுள்ள கோடு வலப்பக்கம் ஏறும். ஸ்காட்டிஷ் கேலிக்கில் வலப்பக்கம் இறங்கும். ஷோன் என்ற ஐரிஷ் பெயரில் அந்தக் கோட்டை விட்டால், 'பழைய' என்ற சொல்லாகிவிடும். எழுத்தை மணமக்களிடமே எழுதி வாங்குங்கள்.

பின்னல் கோலத்துக்குச் சங்கிலித் தையல் போதும். ஒவ்வோர் இழையும் ஒருமுறை மேலே, அடுத்தமுறை கீழே என மாறிமாறிப் போக வேண்டும்; இருமுறை தொடர்ந்து மேலே போனால் பின்னல் அங்கே அறுந்ததுபோல் தெரியும். தண்ணீரில் கரையும் பேனாவால் கோலம் வரைந்திருந்தால், அந்த நீலக்கோட்டைத் தண்ணீரில் கரைத்த பிறகே இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் கறையாகத் தங்கிவிடும். ஜரிகை நூலை 40 சென்டிமீட்டர் துண்டுகளாகவே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்வந்து உரிந்து அறுந்துவிடும்.

சடங்கு முடிந்ததும் பலர் முடிச்சை அவிழ்க்காமல் கைகளை மட்டும் உருவிக்கொண்டு, பட்டையை அப்படியே பத்திரப்படுத்துகிறார்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம். ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். அமிலம் சேராத காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள்.