கண்ணாடி முன்னாடி நின்னு பொய் சொல்ல வரலைங்க

வணக்கம்ங்க. சத்தம் தெளிவா கேட்குதா? ஃபேன நிறுத்தினா வேர்த்து ஊத்துது, ஓட விட்டா மைக்ல அது மட்டும்தான் கேட்குது. ஒண்ணுல வெச்சிருக்கேன், கொஞ்சம் சகிச்சுக்கோங்க. போனை நூல் கோன் டப்பா மேல சாய்ச்சு வெச்சிருக்கேன், நடுவுல விழுந்தாலும் விழும்.

இன்னைக்கு ஜாக்கெட் கட்டிங் வீடியோ இல்ல. அதுக்கு வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அது வியாழக்கிழமை. எனக்குப் பின்னாடி இருக்குல்ல, இந்த ஆளுயரக் கண்ணாடி, இதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. கஸ்டமர் போட்டுப் பாக்கறதுக்காக வாங்கினதுன்னு நெனச்சிருப்பீங்க. இல்லைங்க. நான் கோடீஸ்வரி ஆகறதுக்காக வாங்கினது.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு ஹோட்டல் ஹால்ல ரெண்டு நாள் கிளாஸ். பேரு வேண்டாம், யார் பொழப்பையும் கெடுக்க வேண்டாம். ஃபீஸ் 4,500 ரூபா. லைனிங் ஜாக்கெட் ஒண்ணு 350ன்னு வெச்சா 13 ஜாக்கெட்டோட கூலி. மத்தியானச் சாப்பாடு நல்லாருந்துச்சு, அதையும் சொல்லிடணும். தினம் காலைல எந்திரிச்சதும் கண்ணாடி முன்னாடி நின்னு, நம்ம கண்ண நாமளே பார்த்து, "நான் பணத்தை ஈர்க்கும் காந்தம்"னு நூறு தடவ சொல்லணும். அதுதான் அங்க பெரிய பாடம்.

சொன்னேன்ங்க. மொத நாள் சிரிப்பு வந்துச்சு. நாலாம் நாள், கண்ணாடில என் தோளுக்குப் பின்னாடி மெஷின் தெரியுது, மெஷின் மேல கரண்ட் பில்லு தெரியுது. வாய் காந்தம்ங்குது, கண்ணு பில்லப் பாக்குது. அடிவயித்துல என்னமோ சுருக்குன்னுச்சு. பத்து நாள்ல, சொல்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்ததைவிட மனசு சோர்ந்து போச்சு. அந்த கிளாஸ் குரூப்ல கேட்டா, "உங்களுக்கு நம்பிக்கை பத்தல, இருநூறு தடவ சொல்லுங்க"ன்னாங்க. பாருங்க, பலிச்சா மந்திரம் நல்லது, பலிக்கலைன்னா சொன்னவ சரியில்ல. எப்படிப் போட்டாலும் அவங்க பக்கமே தாயம்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஜோஆன் வுட்னு ஒரு உளவியல் பேராசிரியை, 2009ல இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க. "நான் அன்புக்குரியவள்" அப்படிங்கற மாதிரி ஒரு வரிய ஆளுங்கள திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சிருக்காங்க. ஏற்கெனவே தன் மேல நல்ல எண்ணம் இருக்கறவங்களுக்கு ஏதோ கொஞ்சம் தெம்பு வந்துச்சாம். தன்னைப் பத்தித் தாழ்வா நெனைக்கறவங்களுக்கு? சொல்லாம இருந்தவங்களைவிட மோசமாப் போச்சு. அதாவது, யாருக்கு மருந்து வேணுமோ அவங்களுக்குத்தான் அது சேரல. அதப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துச்சுங்க. பத்து நாளா நான் சரியில்லாதவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே.

அதே கிளாஸ்ல இன்னொரு கதை. நீங்களும் கேட்டிருப்பீங்க, ஃபார்வர்டுல வராத வருஷமே இல்ல. 1953ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்ச பசங்ககிட்ட, உங்க லட்சியத்த எழுதி வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்களாம். மூணு சதவீதம் பேர்தான் எழுதி வெச்சிருந்தாங்களாம். இருபது வருஷம் கழிச்சுப் பாத்தா, அந்த மூணு சதவீதத்துக்கிட்ட இருந்த சொத்து, மிச்சம் 97 சதவீதம் பேரோட சொத்தையும் கூட்டினாக்கூட அதைவிட ஜாஸ்தியாம். ஹால்ல எல்லாரும் "ஓ..."ன்னாங்க. எனக்கு மட்டும் ஒரு நெருடல். ஏன்னா, எங்க தெருவுக்கு ஒரு தடவ ரேஷன் கார்டுக்காகக் கணக்கெடுக்க வந்தாங்க. மாடி வீட்டக்கா, கழுத்துல கெடக்கற செயின முந்தானைக்குள்ள தள்ளிவிட்டுட்டு, "மாசம் எட்டாயிரம்தான்ங்க வருமானம்"னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு ரேஷன் கார்டுக்கே நெசம் சொல்லாத உலகத்துல, அத்தன பேரு சொத்துக் கணக்க எவன்கிட்ட ஒப்பிச்சான்?

தேடினா, அப்படி ஒரு ஆய்வே நடக்கல. யேல்காரங்களே தேடிப் பாத்துட்டு எங்ககிட்ட இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதையே ஹார்வர்டு, 1979ன்னு மாத்திப் போட்டும் சுத்த விடறாங்க, அதுவும் இதே கதைதான். எங்க பாட்டி சொல்லும், கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சுன்னு. நான் காசு கட்டிக் கேட்டேன்.

அப்புறம் அந்த 21 நாள். எதையும் 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்வாங்கல்ல? எனக்கு அதுல சந்தேகம் வர்றதுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படல, எங்க வீட்டுக்காரர் போதும். வருஷா வருஷம் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுவார். 41 நாள். சிகரெட்டத் தொடமாட்டார், அந்த வாசனை வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவார். மலைக்குப் போயிட்டு வந்து, மாலையக் கழட்டி சாமி படத்துல மாட்டுவார். மாட்டின கையோட செருப்பப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குக் கெளம்பிடுவார். 21ங்கறீங்க, இவர் அதுக்கு ரெண்டு மடங்கு இருந்துட்டாருங்களே!

இந்த 21 எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். மூக்கு மாத்தினவங்களுக்குப் புது மூஞ்சி பழகறதுக்கு 21 நாளாவது ஆகுதுன்னு கவனிச்சு, 1960ல ஒரு புத்தகத்துல எழுதினார். 21 நாளா-வ-து. அந்த "ஆவது" கை மாறி கை மாறி எங்கயோ விழுந்துடுச்சு. லண்டன்ல பிலிப்பா லாலின்னு ஒருத்தங்க 96 பேர வெச்சுப் பாத்தப்ப, ஒரு சின்னப் பழக்கம் தானா வர்றதுக்கு நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு. ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254ன்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னும் அதுல இருக்கு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

...இருங்க, போன் சாயுது. ம்ம். சரி.

இதுவரைக்கும் கேட்டா, "பாத்தியா, என் மனசு சொன்னதெல்லாம் சரியாப் போச்சு"ன்னு நான் பெருமை பேசற மாதிரி இருக்கும். மூணு விஷயத்துல மனசு சொன்னது பலிச்சதும் எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, அதான் நெசம். எழுதி வைக்கறது, பிளான் போடறது, எல்லாமே டுபாக்கூர்னு ஆர்டர் நோட்டுல தேதி போடறதையே விட்டுட்டேன். "எல்லாம் மனசுலயே இருக்கு"ன்னேன். போன வைகாசி முகூர்த்தத்துல ஒரு கல்யாணப் பொண்ணோட முகூர்த்த ஜாக்கெட், ராத்திரி ரெண்டு மணிக்கு ஹூக் வெச்சு, விடியக்காலைல மண்டபத்துல கொண்டுபோய்க் குடுத்தேன். பொண்ணோட அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. பொண்ணு ரூமுக்கு வெளிய நின்னு பாத்தாங்க, அவ்வளவுதான். அந்தப் பார்வை இருக்கே...

அப்புறம் பாத்தா, எழுதறதுல ஒரு வகை நெசமாவே வேலை செய்யுதுங்க. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியலாளர், ஜெர்மன்காரர். கிறிஸ்துமஸ் லீவுல ஒரு கட்டுரை எழுதி அனுப்பணும்னு மாணவர்களுக்கு வேலை குடுத்தார். பாதிப் பேருகிட்ட மட்டும், எப்ப, எங்க உக்காந்து எழுதுவீங்கன்னு குறிச்சு வாங்கிக்கிட்டார். குறிச்சுக் குடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு முடிச்சாங்க. குறிக்காதவங்கள்ல மூணுல ஒரு பங்குதான். கோடி, காந்தம் எல்லாம் இல்ல. எப்ப, எங்க. அவ்வளவுதான்.

அப்ப யேல் கதையில எனக்கு வந்த நெருடல் சரி. எழுதறதே வெட்டின்னு தோணுச்சே, அது என் சோம்பேறித்தனம். ரெண்டும் வயித்துல ஒரே மாதிரிதான் சுருக்குன்னுச்சு! உள்ள இருந்து பாத்தா வித்தியாசமே தெரியல.

இதுக்கு என் தொழில்லயே ஒரு உதாரணம் இருக்கு, காட்டறேன். இந்த அளவு ஜாக்கெட்டப் பாருங்க. நேத்து ஒரு அக்கா குடுத்துட்டு, "இதே அளவு வைம்மா"ன்னாங்க. இங்க, அக்குள் கிட்ட கிட்டத்துல காட்டறேன்... தையல் ஓரத்துல துணி வெளுத்து, நூல் இழுபட்டு ஓட்ட ஓட்டயாத் தெரியுதா? அக்கா வெயிட் போட்டுட்டாங்க. அவங்ககிட்ட சொல்ல முடியாது. சொன்னா வேற டெய்லர்கிட்ட போயிடுவாங்க. நானா உள்ள அரை இன்ச் துணி விட்டு வெட்டிட்டேன். இத யோசிச்சு செய்யல, கை தானாப் போகுது. 11 வருஷம். எத்தனையோ ஜாக்கெட் தப்பாத் தைச்சு, போட்டுப் பாத்த அஞ்சாவது நிமிஷத்துலயே மூஞ்சில அடிச்ச மாதிரி திட்டு வாங்கி, பிரிச்சுத் தைச்சு வந்த கை இது.

இப்ப மேல பரண்ல பாருங்க. அந்த மூட்டை. கடுகு மஞ்சள் லைனிங் துணி, 40 மீட்டர். "இந்த தீபாவளிக்கு இந்தக் கலர்தான் ஓடப்போகுது"ன்னு எனக்கு அடிச்சுச் சொல்லுச்சு உள்மனசு. இதே மனசுதான், இதே உறுதிதான். ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்ல மொத்தமா எடுத்துட்டு வந்தேன். மூணு தீபாவளி ஆச்சு, எலிக்குத்தான் மெத்தை.

டேனியல் கானமன்னு ஒருத்தர், உளவியல் படிச்சு பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர், உள்ளுணர்வ லேசுல நம்பாதவர். கேரி கிளைன்னு இன்னொருத்தர், தீயணைப்புக்காரங்க கூடவே சுத்தி, அவங்க உள்ளுணர்வு எவ்வளவு உசத்தின்னு எழுதினவர். ஒரு தீயணைப்பு அதிகாரி கதை சொல்வார்: வீட்டுக்குப் பின்பக்கம் சமையலறையில நெருப்பு, தண்ணி அடிச்சும் அடங்கல, ஹால்ல அனல் மட்டும் ரொம்ப ஜாஸ்தி, சத்தமோ கம்மி. காரணம் தெரியாமலே எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டார். வந்ததுமே தரை இடிஞ்சு விழுந்துச்சு. நெருப்பு கீழ நிலவறையில இருந்திருக்கு. இந்த ரெண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ரெண்டு பேரும் உக்காந்து பேசி 2009ல சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க ஒத்துக்கிட்டது என்னன்னா, விஷயம் ஒரு ஒழுங்குல நடக்கணும், தப்பு செஞ்சா தப்புன்னு நமக்குத் தெரிஞ்சு பழகியிருக்கணும். அங்கதான் உள்ளுணர்வ நம்பலாம். மனசு எவ்வளவு அடிச்சுச் சொல்லுதுங்கறது கணக்கே இல்ல. ஜாக்கெட் அந்தக் கணக்குல வந்துடுது. கலர் வரல.

அதனால இப்ப ஏதாவது ஒரு தத்துவத்தக் கேட்டு சுருக்குன்னா, நான் உடனே தூக்கிப் போடறதில்ல. இந்த சுருக்கு எங்க கத்துக்கிட்டதுன்னு கேட்டுப் பாக்கறேன். தெருவுல கணக்கெடுப்பப் பாத்து வந்ததா, இல்ல எனக்கு நோட்டுப் போட சோம்பேறித்தனமா இருக்கறதால வந்ததான்னு. பாதி நேரம் ரெண்டாவதுதான், வெக்கமா இருக்கு.

கண்ணாடி நல்லாத்தான் உழைக்குது. கஸ்டமர் முதுகுப் பக்கம் பாக்க வசதி.

எங்க வீட்டுக்காரர் விஷயம். கார்த்திகை ஒண்ணுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்த வருஷம் அவரையே ஒரு சீட்டுல எழுத வெச்சுட்டேன், இதோ பாருங்க, அவர் கையெழுத்துதான்: "மாலை கழட்டிய பிறகு டீக்கடையில் கை பாக்கெட்டுக்குப் போனால், கடலை மிட்டாய்." சாமி படத்துக்குக் கீழ ஒட்டி வெச்சிருக்கோம். எனக்கு உள்ள ஒரு மனசு, இது தேறாதுன்னுதான் சொல்லுது. டிசம்பர் கடைசில சொல்றேன், கடலை மிட்டாய் எத்தன பாக்கெட் தீந்துச்சுன்னு.

வரேன்க்கா, வரேன்! அந்த அக்கா வந்துட்டாங்க, ஜாக்கெட் போட்டுப் பாக்க. நிறுத்திடறேன்.