ஜே.ஜே.வுக்கும் எஸ்.டி.ஜி.க்கும் நடுவில்

நடுவர் ஐயா அவர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், மழையைப் பார்க்காமல் எங்கள் பாடகர் குழு ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

“யோகான் செபாஸ்டியன் பாக் இன்றும் நம் நினைவில் நிற்பது பக்தியாலா, குடும்பப் பாசத்தாலா, உழைப்பாலா?” இதுதான் தலைப்பு. பாக், ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்த இசையமைப்பாளர். பக்திக்குப் பேசிய அக்கா உருக வைத்துவிட்டார். குடும்பத்துக்குப் பேசிய அண்ணன், இரண்டு மனைவியர், இருபது பிள்ளைகள் என்று கணக்குச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். உழைப்பு அணிக்கு மிச்சம் வேர்வை மட்டும்தான். சரி, அதை வைத்தே பேசுகிறேன்.

அக்கா சொன்னார்: பாக் தம் இசைத்தாளின் தலையில் ‘ஜே.ஜே.’ என்று எழுதுவார், லத்தீனில் ‘இயேசுவே, உதவும்’ என்று அர்த்தம், கடைசியில் ‘எஸ்.டி.ஜி.’ என்று எழுதுவார், ‘தேவனுக்கே மகிமை’. எல்லாத் தாளிலும் இல்லை, ஆனால் பலவற்றில் உண்டு. மறுக்கவில்லை. பரீட்சைத் தாளின் உச்சியில் சிலுவையோ பிள்ளையார் சுழியோ போடாத பிள்ளை நம் ஊரில் எத்தனை பேர்? மார்க் வருவது அதற்குக் கீழே எழுதினதற்குத்தானே? ஜே.ஜே.வுக்கும் எஸ்.டி.ஜி.க்கும் நடுவில் இருக்கிற பக்கங்கள் யார் கணக்கு, நடுவர் அவர்களே?

அந்தப் பக்கங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். 1723இல், 38 வயதில், லைப்சிக் நகரத்துக்குப் போகிறார். புனித தோமா பள்ளியில் இசை ஆசிரியர். நகரத்தின் பெரிய ஆலயங்களுக்கு இசைப் பொறுப்பும் அவரே. ஞாயிறும் பண்டிகையுமாக வருடத்துக்கு ஏறக்குறைய 60 ஆராதனைக்குக் ‘கேன்டாட்டா’ வேண்டும். பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து இருபது நிமிடம் போகிற இசை அது. முதல் சில வருடங்களில் அநேகமாக வாரம் ஒன்று புதிதாக எழுதினார். எழுதினால் போதுமா? அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் ஏது? மேல்குரலான சோப்ரானோவுக்கு ஒரு தாள், ஆண்களின் உச்சக்குரலான டெனருக்கு ஒரு தாள், வயலினுக்கு ஒரு தாள் என்று ஒவ்வொன்றாகக் கையால் படியெடுக்க வேண்டும். அப்புறம் பையன்களைப் பாட வைக்க வேண்டும். நாம் கிறிஸ்துமஸ் பாட்டு நான்குக்கு அக்டோபரிலேயே பிராக்டிஸ் ஆரம்பிக்கிறோம். அப்படியும் டிசம்பர் 24 சாயங்காலம் டெனர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அவர் கைப்பிரதிகளில் ஒரு சின்ன விஷயம் உண்டு. இறகுப் பேனாவால் பக்கத்தின் அடி வரை எழுதியாயிற்று. ஈரமான மையோடு தாளைத் திருப்ப முடியாது. காய்வதற்குள் மனதில் ஓடுகிற ராகம் நழுவிவிடுமே? அதனால் அடுத்த பக்கத்தில் வரவேண்டிய நாலு சுரத்தை இந்தப் பக்கத்தின் அடியிலேயே கிறுக்கி வைப்பார். மை காய்ந்ததும் திருப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மை காயும் நேரத்தைக்கூட வீணாக்காத மனிதர், ஐயா!

இப்போது குடும்ப அணி அண்ணனிடம் வருகிறேன். 1730இல் பாக் தம் பால்ய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தை அவர் காட்டினார். என் பிள்ளைகள் எல்லாரும் பிறவி இசைக்காரர்கள், மனைவிக்கு நல்ல குரல், மூத்த மகளும் சுமாராகப் பாடுவாள், வீட்டுக்குள்ளேயே ஒரு கச்சேரி நடத்தலாம் என்று தகப்பன் பூரிக்கிற கடிதம். அழகான கடிதம்தான். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு இடத்தை அண்ணன் வாசிக்காமல் விட்டுவிட்டார். பாக்கின் வருட வருமானம் சுமார் 700 தாலர், அந்தக் கால வெள்ளி நாணயம். அதில் நல்ல பங்கு அடக்க ஆராதனைகளில் வருகிற கட்டணம். காற்று சுத்தமாக இருந்தால் சாவு குறைகிறது, போன வருடம் அதனால் நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்புகிறார்! ஊரில் எல்லாரும் சௌக்கியமாக இருந்தால் இவர் வீட்டு அடுப்புக்கு இடைஞ்சல். (சிரிக்கிறீர்கள், பிள்ளை குட்டிக்காரர் பாடு அது.)

பாசமும் அவரிடம் வேலையாகத்தான் வந்தது. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமனுக்கு ஒன்பது வயதில் தம் கைப்பட ஒரு நோட்டு தொடங்கிக் கொடுத்தார், 1720 ஜனவரியில். முதல் பக்கங்களில் முத்தமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. சுரம் வாசிக்கும் முறையும், எந்தக் குறிக்கு எந்த அசைவு என்ற அட்டவணையும்தான். இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா நல்ல பாடகி. இவருக்காகப் படியெடுத்துப் படியெடுத்து அந்த அம்மாவின் கையெழுத்தே கணவர் கையெழுத்து போல ஆகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் நான் வாதாடப் போவதில்லை. அதே 1720இல், அப்போது தாம் வேலை பார்த்த பிரபுவோடு கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போயிருந்தார். ஜூலையில் வீடு திரும்பினால், முதல் மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. இருபது பிள்ளைகளில் பெரியவர்களானது பத்துப் பேர். அந்தத் துக்கத்தை எந்த அணிக்கும் மார்க்காகச் சேர்க்க வேண்டாம்.

அவருடைய குடும்பம் அவரை எப்படி நினைத்தது என்று பார்ப்போம். 1750இல் அவர் இறந்த பின் ஒரு மகனும் ஒரு மாணவரும் சேர்ந்து இரங்கல் குறிப்பு எழுதினார்கள். அதில் இந்தக் கதை வருகிறது. பத்து வயது நிறையும் முன்பே தாயையும் தகப்பனையும் இழந்து, பாக் தம் சொந்த அண்ணன் வீட்டில் வளர்கிறார். அண்ணனிடம் நல்ல இசைப் புத்தகம் ஒன்று அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால் கிடைக்கவில்லை. கம்பிக் கதவின் இடைவெளியில் பிஞ்சுக் கையை விட்டு, புத்தகத்தைச் சுருட்டி இழுத்து, வீடு தூங்கிய பின் நிலா வெளிச்சத்தில் படியெடுக்கிறார். விளக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. ஆறு மாதம்! முடித்ததும் அண்ணன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொள்கிறார். இளமையில் ராத்திரி ராத்திரியாக விழித்துப் படித்ததுதான் அவர் கண்ணைக் கெடுத்தது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. பெற்ற மகனுக்கு மறக்காமல் இருந்தது எது, அண்ணே?

கடைசி வருடங்களில், 1748, 49 வாக்கில், ‘பி மைனர் மிஸ்ஸா’ என்ற பெரிய ஆராதனை இசையை முழுதாக்குகிறார். அவர் உயிரோடு இருந்தபோது அது முழுதாகப் பாடப்பட்டதற்குச் சான்று இல்லை. கண் மங்கி, கை விறைத்த காலம். எழுத்தைப் பார்த்தாலே தெரியும், கோடு தடித்து, தடுமாறி நிற்கும். ‘வரப்போகிற ஞாயிறு என்று அவசரம் ஒன்றும் இல்லாமல் அதை எழுதினாரே, அது பக்தி இல்லையா’ என்று அக்கா அடுத்த சுற்றில் எழுந்து கேட்கப் போகிறார். கேட்கட்டும், எழுதியது அந்தக் கை என்றுதான் நானும் சொல்வேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். நாளைக் காலை ஆராதனையில் நானும் டெனர். இரண்டாவது சரணம் இன்னும் வாயில் நிற்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.