ஓக் தூணுக்கு முதுகுல ஏன் வெட்டு?

வணக்கம் மக்களே! போன வீடியோல காட்டுன லிதுவேனியா கூரைத்தூண், அதான் உச்சில சின்னக் கூரை வெச்சுச் செதுக்குன மரத்தூண், அதைப் பத்தி ஒரே கேள்வியா கேட்டுத் தள்ளிட்டீங்க. "இவ்வளவு அழகா செதுக்கிட்டு, முதுகுல எதுக்கு நெடுக அறுத்து விட்டிருக்காங்க?" எனக்கு அந்தத் தூண்லயே ரொம்பப் புடிச்ச இடம் அந்த வெட்டுதான், அதனால இன்னைக்கு முழுக்க அதான்.

லிதுவேனியச் சிற்பி வின்ட்சாஸ் ஸ்விர்ஸ்கிஸ் 19ஆம் நூற்றாண்டுலயே சிலுவையையும் உருவங்களையும் ஒரே ஓக் மரத்துலேர்ந்து செதுக்கினவர். சோவியத் காலத்துல சிலுவை நட விடல. அப்பவும் 1972ல அப்ளிங்கா கிராமம், 1975ல ஓவியர் சுர்லியோனிஸ் பேர்ல இருக்கிற சாலைன்னு நாட்டுப்புறச் சிற்பிங்க ஓக் தூண்களை நிறுத்தினாங்க. இப்பவும் முழு மரம்தான். முழு மரம்னா நடுத்தண்டு, அதான் மரத்தோட மையம், உள்ளயே இருக்கும். காயும்போது ஓக் ஆரவாக்குல, அதாவது மையத்துலேர்ந்து வெளிப்பக்கமா, சுருங்குறதை விட வளர்ச்சி வளையத்தை ஒட்டி ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும். வெடிக்காம இருக்கவே முடியாது. 40 செ.மீ. விட்டம்னா வெடிப்போட வாய் ரெண்டு மூணு செ.மீ. கூடத் திறக்கும். அந்த வெடிப்பு ரூபின்தொயேலிஸ், அதான் கன்னத்துல கை வெச்சு உக்காந்திருக்கிற இயேசு, அவர் முகத்துக்குக் குறுக்க போனா எல்லாம் போச்சு!

அதனால மரம் காயாம பச்சையா இருக்கும்போதே, முதுகுப் பக்கம் நடுத்தண்டைத் தொடுற ஆழத்துக்குச் செயின்சாவால நெடுக ஒரு வெட்டு. சுருங்குறதெல்லாம் அங்க போய் வாயைத் திறந்துக்கும், முன்பக்கம் பெரும்பாலும் தப்பிச்சிடும். தயவுசெஞ்சு அதுல புட்டி அடைக்காதீங்க! மழைல மரம் ஊதும்போது இடம் இல்லாம வேற பக்கம் பொளக்கும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். செதுக்கி முடிக்கிற வரைக்கும் ரெண்டு முனைலயும் மெழுகு பூசணும். முனை வழியாதான் ஈரம் வேகமா ஓடும்.

மேல இருக்கிற கூரையை அலங்காரம்னு நெனச்சுச் சின்னதாக்குற புதுச் சிற்பங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வருது. தூணோட உச்சி முனையை மூடுறதே அதுதான். விளிம்பு நல்லா வெளிய நீட்டணும், அடியில ஒரு சொட்டுப் பள்ளம், அதான் தண்ணி அங்கயே சொட்டி விழ ஒரு சின்னக் கோடு, இழுக்கணும். இல்லைன்னா தண்ணி விளிம்பைச் சுத்தி உள்ள வந்து உருவத்து மேலயே வழியும்.

கூரைப் பலகைக்குச் சாதா இரும்பாணி வேண்டவே வேண்டாம். ஓக்ல இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் ஈரத்தோட இரும்பைத் தொட்டா நீலக் கறுப்பா கறை இறங்கும். ஆக்சாலிக் அமிலம் தடவினா கறை போகும், ஆனா ஆணி உள்ள இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். விலை கூடத்தான், இருந்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவே போடுங்க. உச்சில அலங்காரமா வைக்கிற இரும்புச் சூரியனுக்கும் கால்வனைசிங், அதான் துத்தநாகப் பூச்சு, கட்டாயம்.

அடிப்பகுதியை மண்ணுல புதைக்காதீங்க, தரைமட்டத்துலதான் முதல்ல உளுத்துப்போகும். கான்கிரீட்ல இரும்புக் கால் நிறுத்தி, மரத்தைத் தரைக்கு மேல தூக்கியே பிடிங்க.