கூப்பிட்டார்களா?

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதை என்றதும் பலருக்கு ராக்கெட் நினைவுக்கு வரும். எனக்கு அந்தமான் கப்பல். ராயபுரத்தில் வளர்ந்தவன் நான். எதிர்வீட்டு மாமா அந்தக் கப்பலில் வேலை பார்த்தார். போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீவிஜயபுரம் என்கிறார்கள், சுமார் 1,370 கிலோமீட்டர். வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் கப்பல் ஏன் நிற்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன். “கூப்பிட்டார்களா, நிற்பதற்கு?” என்றார் மாமா. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார் டிரெக் என்று ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். வேற்றுக் கிரகத்து மக்களின் வாழ்க்கையில் தலையிடக் கூடாது என்பது அதில் வரும் விண்கலத்தாரின் முதல் கட்டளை. கப்பல் தலைவனோ அதை மீற ஏதாவது ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிடுவான்! அந்தக் கட்டளை திரையில் முதலில் ஒலித்தது 1967இல். அதே ஆண்டில்தான் நம் அரசுக் குழு ஒன்று சென்டினல் தீவில் இறங்கி, பரிசுப் பொருள்களை வைத்துவிட்டு வந்தது. விருந்துக்குப் போகிறவர் பழம் வாங்கிப் போவதில்லையா, அதுபோல. ஆனால், கூப்பிட்டார்களா?

1991 ஜனவரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் குழுவோடு படகில் போனார். தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். தீவினர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அப்படி வந்ததே இல்லை. அன்று பிற்பகலிலேயே ஓர் இளைஞன் மதுமாலாவை நோக்கி வில்லை வளைத்தான். பக்கத்திலிருந்த பெண் அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது.

அந்தப் பெண் ஏன் தள்ளினாள்? பல வருடங்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் கதாசிரியர்கள் எல்லோரும் கப்பலில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறார்கள். தலையிடலாமா கூடாதா என்று கப்பலுக்குள்ளேயே பட்டிமன்றம் நடக்கிறது. கரையிலும் அன்று ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கிறது பாருங்கள். வில்லை எடுத்தவன் ஒரு கட்சி, தள்ளிவிட்டவள் ஒரு கட்சி. அவள் பக்கத்திலிருந்து ஒரு கதை எழுதுங்கள் என்று இளம் எழுத்தாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறேன். இன்னும் யாரும் எழுதித் தரவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு, பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஹெலிகாப்டர் போனது. கரையிலிருந்து அம்புதான் வந்தது. கூப்பிடவில்லை.

இனி, கடினமான கேள்வி. அங்கே கொள்ளைநோய் வந்தால் மருந்தோடு போகலாமா? இதற்குத்தான் நான்கு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றினார்கள். பெரிய அந்தமானியர் என்ற இன்னொரு பழங்குடியினர் அப்போது ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தட்டம்மை போன்ற நோய்கள் கப்பலேறி வந்தன. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். மருந்து பற்றிய அந்த நான்கு பக்கமும் பையிலேயே இருக்கிறது. வணக்கம்.